மாஃபி

ஒலிபெருக்கி கட்டிய அரசாங்க வண்டி என் டீக்கடைக்கு முன்னால் வந்து நின்றாலே எனக்கு அலுப்பு தட்டும். அபுதாபி முசஃபா வெயிலில் தகரக் கூரைக்கடியில் நின்று சாயா ஆற்றுகிறவனுக்கு இந்தக் காட்டுக்கத்தல் வேறா? அரபியில் ஒருதரம், இங்கிலீஷில் ஒருதரம், உருதில் ஒருதரம். கேட்க வேண்டிய பாண்டித்துரையோ, சத்தம் வந்ததுமே ஓடிப்போய் உடைந்த லாரிகளுக்கு நடுவில் ஒளிந்துகொள்வான்.

முதுகுளத்தூர்ப் பக்கத்து ஆள், வெல்டர். அவனைக் கொண்டுவந்த கம்பெனியை ஒரே வருஷத்தில் இழுத்து மூடிவிட்டார்கள். விசா கொடுத்த அரபி, அதான் கஃபீல், இவன் பாஸ்போர்ட்டோடு போனவர் போனவர்தான். அன்றிலிருந்து கள்ளத்தனமாகக் கராஜ் கராஜாக வேலை. காய்ச்சலில் கிடந்தாலும் ஆஸ்பத்திரிக்குப் போக மாட்டான், பிடிபட்டால் ஜெயில். அவன் வந்தபிறகு பிறந்த மகள் நாகஜோதி ஊரில் பள்ளிக்கூடம் போகிறாள்.

"ஒரு தடவ அவ மொகத்தப் பாத்துட்டாப் போதும் பாய்" என்பான்.

தொண்ணூற்றாறில்தான் அந்த அறிவிப்பு வந்தது. விசா இல்லாதவர்கள் கெடுவுக்குள் தாமாக வந்து பதிந்தால் ஜெயிலும் இல்லை, அபராதமும் இல்லை, ஊருக்குப் போகலாம். ரேடியோவில் சொன்னார்கள், பேப்பரில் போட்டார்கள், வண்டியும் விட்டார்கள். எங்கள் ஆட்கள் ஒருத்தனும் அசையவில்லை. கெடு முடியப் போகிறது.

"ஏண்டா, ஊருக்குப் போங்கன்னு கூவுறான். நீ ஓடி ஒளியிறியே?"

"எங்க பாய் கூவுறான்? மாஃபி மாஃபின்னுல்ல கத்துறான்!"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. உருதில் மாஃபி என்றால் மன்னிப்பு. இவன் இங்கே கற்ற அரபியில் மாஃபி என்றால் இல்லை. சம்பளம் மாஃபி, லீவு மாஃபி. கஃபீல் எங்கே என்று யாரைக் கேட்டாலும் 'மாஃபி மாலூம்', தெரியாது. அதையே கேட்டுக் கேட்டுக் காது புளித்தவனுக்கு வேறெப்படிக் கேட்கும்?

"அடப்பாவி, அது உருதுடா! மன்னிச்சாச்சுங்கறான்."

"கூப்புட்டு வச்சுப் புடிச்சா?"

மறுநாள் வண்டி வந்ததும் ஒரு சாயாவோடு போய், அதிலிருந்த அரபி அதிகாரியிடம் எனக்குத் தெரிந்த அரைகுறை அரபியில் விஷயத்தைச் சொன்னேன். என்னை ஏற இறங்கப் பார்த்தார். "யல்லா, நீயே சொல்லு" என்று மைக்கை என் கையில் கொடுத்துவிட்டார். நல்ல மனுஷன், சும்மா சொல்லக்கூடாது.

மன்னிப்பு என்ற சொல்லை நான் தொடவே இல்லை.

"டேய், டீக்கடை மீராசா பேசுறேன். ஜெயில் கெடையாது, ஃபைன் கெடையாது. ஊருக்குப் போகலாம். நானும் கூடவே நிக்கிறேன். வெளிய வாங்கடா!"

பிறகு லாரிகளுக்குப் பின்னாலிருந்தும் பழைய கண்டெய்னர்களுக்குள்ளிருந்தும் ஒவ்வொருத்தராக வந்தார்கள். அல்லாவே, இத்தனை பேரா! என் கடைப்பக்கமே வராத முகங்கள். கடைசியாகப் பாண்டித்துரை வந்தான்.

பெயர் பதிந்த பிறகும் அவன் நகரவில்லை.

"மாஃபின்னா மன்னிப்புன்னு சொன்னீங்கள்ல பாய்? நான் என்ன தப்புப் பண்ணேன்னு அவருகிட்ட கேட்டுச் சொல்லுங்க."

காரியம் கெட்டுவிடுமோ என்று பயமாக இருந்தது. ஆனாலும் கேட்டேன். அதிகாரி பேனாவை மூடினார். அவனைப் பார்த்துக் கையை விரித்தார்.

"மாஃபி மாலூம்."

அதை மட்டும் நான் அவனுக்குத் தமிழில் சொல்ல வேண்டியிருக்கவில்லை.