உலக்கையால் தூக்கிய என்ஜின்

எனக்கு எழுபத்து நான்கு வயது. ஐந்து பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கினேன். கையெழுத்துக்கு மேல் எழுத வராது. நான் சொல்லச் சொல்லப் பேத்தி எழுதுகிறாள்.

அரசாங்கம் வீட்டுக்கு வீடு டிவி கொடுத்த காலம். எங்கள் ஊர் பாபநாசம் பக்கம். மாமனார் காலத்தில் கொடி பிடித்து, அடி வாங்கி, பண்ணையிடமிருந்து பெற்ற நிலம் எங்களுடையது. அதை என் வீட்டுக்காரரும் அவர் தம்பியும் பாகம் பிரித்தபோது ஒரு வரப்பில் தகராறு வந்து, கோர்ட்டு வரை போயிற்று. அன்றிலிருந்து பக்கத்து வீட்டு ஓரகத்தியோடு, அதாவது என் கொழுந்தன் மனைவியோடு, எனக்குப் பேச்சு இல்லை.

அவள் மகன் மெக்கானிக். தன் பைக்கின் இரண்டு பக்கமும் கறுப்பாகக் குமிழ் மாதிரி ஒன்றை மாட்டினான். வண்டி விழுந்தாலும் அந்தக் குமிழ்தான் தரையில் உரசுமாம். காலும் என்ஜினும் தப்பிக்குமாம். தெருவே வந்து பார்த்தது. போகிறவர் வருகிறவருக்கெல்லாம் அவள் தொட்டுத் தொட்டுக் காட்டினாள். எனக்கு அன்று சோறு இறங்கவில்லை. என் கடைசி மகனிடமும் அதே வண்டிதான் இருந்தது.

"நம்ம வண்டிக்கும் அது வேணும்டா" என்று நச்சரித்தேன்.

"பக்கத்து வீட்டு அண்ணன்கிட்ட விட்டா அரை மணி நேரத்துல மாட்டிடும்மா."

"அந்த வாசல்ல போயி நிக்கிறதுக்கு நீ விழுந்தே எந்திரிக்கலாம்" என்றேன். பெற்றவள் பேசுகிற பேச்சா அது?

தஞ்சாவூரில் வாங்கி வந்து, ஞாயிற்றுக்கிழமை எங்கள் வாசலில் வைத்து அவனே மாட்ட உட்கார்ந்தான். என்ஜினைப் பிடித்திருக்கும் போல்ட்டைக் கழற்றிவிட்டு, குமிழோடு வரும் நீளப் போல்ட்டை அதே ஓட்டையில் நுழைக்க வேண்டும். பழையது வந்துவிட்டது. அதோடு என்ஜினும் கொஞ்சம் கீழே இறங்கிவிட்டது. புதியது பாதியிலேயே நின்றுகொண்டது. மதியம் வரை மல்லுக்கட்டினான். வேலிக்கு அந்தப் பக்கம் ஓரகத்தி தன் கோழியைத் திட்டினாள்: "தெரியாத கூரைமேல ஏறிட்டு எறங்கத் தெரியாம முழிக்கிறியே, உனக்கெதுக்கு இந்த வேல?" கோழி தரையில்தான் மேய்ந்துகொண்டிருந்தது.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "போதும், அவ கண்ணுல படுற மாதிரி தெருக்கோடி வரைக்கும் ஒரு சுத்து போயிட்டு வா" என்றேன்.

"அம்மா, போல்ட்டு முழுசா ஏறல."

"வெளியே தெரியவா போகுது?"

அவன் ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினான். மூன்று வருஷமாக எங்கள் வாசலை மிதிக்காதவள், வேலியைத் தாண்டி ஓடிவந்து அந்தச் சாவியைப் பிடுங்கினாள். "எறங்குடா! என்ஜின் தொங்குது, வண்டி கவுந்தா உங்கம்மாவா வந்து தாங்குவா?" பிறகு என்னைப் பார்த்து, "அக்கா, ஒலக்கைய எடுத்துட்டு வாங்க" என்றாள்.

அவள் மகன் மாட்டும்போது கூடவே உட்கார்ந்து பிடித்துக் கொடுத்தவளாம். என் அம்மிக் குழவியைக் கீழே அண்டக்கொடுத்து, உலக்கை நுனியில் சாக்கைச் சுற்றி என்ஜினுக்கு அடியில் விட்டாள். "அமுக்குங்க... மெதுவா, மெதுவா! நெல்லா குத்துறீங்க?" நான் அமுக்க அமுக்க என்ஜின் நூலளவு எழும்பியது. அவள் விரலால் தள்ளிய போல்ட் வழுக்கிக்கொண்டு மறுபக்கம் எட்டிப் பார்த்தது. மகன் நட்டை முறுக்கினான். அவள் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு போய்விட்டாள். ஒரு வாய் தண்ணீர்கூட நான் கொடுக்கவில்லை.

அந்த அறுவடையில், ரோட்டில் காயப்போட்டிருந்த நெல்லில் சறுக்கி என் மகன் விழுந்தான். குமிழ் ஒரு பக்கம் தேய்ந்து பாதியாகிவிட்டது. கால் முழுசாக இருந்தது.

வரப்பு வழக்கு இன்னும் முடியவில்லை. அவள்மேல் பொறாமையும் போகவில்லை. என் பிள்ளையை நான் விழச் சொன்னேன், அவள் தாங்கினாள். அந்தப் பெருமை அவளுக்குப் போய்விட்டதே என்று, அவன் இரண்டு காலையும் ஊன்றி நடந்து வரும்போதெல்லாம் இன்றைக்கும் வயிறு எரிகிறது.

எங்கே கண்ணு, எழுதினத ஒரு தடவ வாசி. "வெளியே தெரியவா போகுது"ன்னு நான் சொன்னத விட்டுடலியே?