செவ்வாய்க்கு ஒன்று, வியாழனுக்கு ஒன்று, சனிக்கு ஒன்று

பழக்கடைக்காரர் அவளுக்கு வைத்த பேர் கிழமைக்காரி. பின்னே என்ன? பழம் வாங்க வருகிறவர்கள் இனிக்குமா, விதை அதிகமா என்று கேட்பார்கள். இவள் திங்கட்கிழமை வேலை விட்டு வந்து நின்றதுமே, "அண்ணே, செவ்வாய்க்கு ஒண்ணு, வியாழனுக்கு ஒண்ணு, சனிக்கு ஒண்ணு" என்பாள். மூன்றுமே பப்பாளி.

எல்லாம் வீட்டுக்காரரால் வந்தது. நெடுந்தூர லாரி ஓட்டுகிறார், காலில் சக்கரம் கட்டிக்கொண்ட மனுஷன். "இந்த வாரம் வந்துடுவேன்" என்று போன் வரும். என்றைக்கு என்று கேட்டால், "சரக்கு இறக்குறதைப் பொறுத்து." அவ்வளவுதான், போன் வைத்தாயிற்று. அவருக்கோ பப்பாளி என்றால் உயிர். பப்பாளி யாருக்காகக் காத்திருக்கும்? அதனால், என்றைக்கு வந்தாலும் ஒன்று பதமாக இருக்கட்டும் என்று இந்த ஏற்பாடு.

பள்ளிக்கூடச் சீருடை தைக்கும் கம்பெனியில் பட்டன் வைக்கிறவள் அவள். நாள் முழுக்க பட்டன் தடவிய கட்டைவிரல், பழத்தின் மேல் பட்டதுமே கணக்காகச் சொல்லிவிடும். காம்புப் பக்கம் லேசாக ஓர் அழுத்து.

"அழுத்தாத தங்கச்சி! அது பப்பாளி, காலிங்பெல் இல்ல" என்று கடைக்காரர் கத்துவார். அவள் காதில் போட்டுக்கொண்டால்தானே!

முழுக்க மஞ்சளாகி விரலுக்கு இடம் கொடுப்பது செவ்வாய்க்கு. பாதி மஞ்சள் வியாழனுக்கு. பச்சையில் நாலைந்து மஞ்சள் கீற்று ஓடியிருந்தால் சனிக்கு. அவசரம் என்றால் செய்தித்தாளில் சுற்றி வைப்பாள், இரண்டு நாள் முன்னாடியே கனிந்துவிடும். இத்தனை வருஷத்தில் தப்பியதே இல்லை.

ஆனால் இந்த முறை கடையில் நிற்கும்போதே அவளுக்குச் சந்தேகம், மனுஷன் வருவாரா என்று. போன தடவை அவர் வந்தது சாயங்காலம், கிளம்பியது மறுநாள் காலையிலேயே. பழத்தை வெட்டித் தட்டில் வைத்துவிட்டுத் திரும்பினால், மனுஷன் செருப்பு மாட்டிக்கொண்டு நிற்கிறார். இவளுக்குத்தான் கோபம் மூக்கு மேல் இருக்குமே. "இது என்ன வீடா, லாட்ஜா? இதுக்கு நீங்க வராமலே இருக்கலாம்" என்று கொட்டிவிட்டாள். அவர் பழத்தைத் தொடாமலே போய்விட்டார்.

ஒன்றரை மாதம் ஆகிறது. போனில் பேச்சு இரண்டு வார்த்தைக்கு மேல் நீளவில்லை. நேற்று கேட்டதற்கு, "பாக்கலாம்" என்றார். அன்றைக்கு இவள் சொன்னபடியே வராமல் இருந்துவிட்டால்? இந்த நாக்கை அறுத்துப் போட்டால் என்ன என்று இருந்தது அவளுக்கு. இருந்தாலும் மூன்று பழம் வாங்கினாள்.

செவ்வாய் போயிற்று. பழத்தை மகள் தின்றாள். வியாழனும் போயிற்று. "அம்மா, இப்படியே போனா என் கலரே பப்பாளி கலரா மாறிடும்" என்று முனகிக்கொண்டே அதையும் தின்றாள். பாவம், அந்தப் பெண்தான் என்ன செய்வாள்?

சனிக்கிழமை வாசலில் எந்த வண்டிச் சத்தம் கேட்டாலும் இவள் எழுந்து எழுந்து போய்ப் பார்த்தாள். ஆளைக் காணோம். ஞாயிறு காலை, பழம் ஒரு பக்கம் குழையத் தொடங்கியிருந்தது. கத்தியை எடுத்தாள். "யாருக்காக வச்சிருக்கணும்? நாமளே தின்போம்" என்று வெட்டினாள். ஒரு துண்டை வாயில் போட்டதோடு, தட்டை மகள் பக்கம் தள்ளிவிட்டாள். மகள் பார்க்காதபடி முகத்தைத் திருப்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

மத்தியானம் கதவு தட்டும் சத்தம். திறந்தால் அவர்! இவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மேஜை மேல் வெறும் தோல்தான் கிடந்தது.

அவர் பையிலிருந்து ஒரு பப்பாளியை எடுத்து நீட்டினார். பச்சைப் பசேல் என்று இருந்தது. தேடிப் பார்த்தால் அடியில் ஒரே ஒரு மஞ்சள் கீற்று. கட்டைவிரலால் அழுத்தினாள். கருங்கல்.

சந்தோஷம், அழுகை எல்லாம் கோபமாகத்தான் வெளியே வந்தது. "ஊர் ஊரா சுத்துறீங்களே, ஒரு பழம் பாத்து வாங்கத் தெரியலையா? இது பழுக்கப் பத்து நாள் ஆகும்!"

"கடைக்காரனும் அதையேதான் சொன்னான்" என்றார் அவர். "நல்லாப் பழுத்ததா எடுத்துக் கொடுத்தான். வேண்டாம்னேன். பத்து நாள் ஆகுற மாதிரி ஒண்ணு கொடுன்னேன்."

அவளுக்குப் புரியவில்லை. அவர் செருப்பைக் கழற்றி, சுவரோரம் தள்ளி வைத்தார். "லீவு சொல்லிட்டு லாரிச் சாவியை முதலாளிகிட்ட கொடுத்துட்டேன். இது பழுக்கிற வரைக்கும் வீட்டுலதான்."

"நான் அன்னைக்கு ஏதோ வாய் தவறிச் சொல்லிட்டேங்க" என்றாள் அவள்.

"தவறி எங்க சொன்னே? சரியாத்தான் சொன்னே" என்று சொல்லிவிட்டு, நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்தார்.

பழக்கதோஷம், அவள் கை செய்தித்தாளை எடுத்தது. பழத்தை அதில் வைத்து ஒரு மடிப்பு மடித்தாள். அப்புறம் நிறுத்தினாள். தாளைப் பிரித்து ஓரமாகப் போட்டுவிட்டு, பழத்தை அப்படியே கொண்டுபோய், வீட்டிலேயே குளிர்ச்சியான மூலையில் வைத்தாள்.

"என்னம்மா, சுத்தி வைக்கலையா?" என்றாள் மகள்.

"என்ன அவசரம் இப்ப? மெதுவாப் பழுக்கட்டும்" என்றாள் கிழமைக்காரி.