புதுக் காருக்கு ஒரு பல்செட்

சின்னவனுக்குத் தொழில் பல்செட் செய்வது. மருந்துக் கடைக்கு மேலே இரண்டாவது மாடியில் அவனுடைய வேலை அறை. மருத்துவர்கள் அனுப்பும் வாய் அச்சில் மெழுகு கட்டி, ஒவ்வொரு பல்லாக நிறுத்தி, மேல்வரிசையும் கீழ்வரிசையும் சேர்கின்றனவா என்று பார்ப்பான். முன்பல் ஒரு நூல் தள்ளி நின்றாலும் பிடுங்கி மறுபடி நடுவான். அவன் செய்த செட்டைப் போட்டுக்கொண்டு சிரிப்பவர்களைப் பார்த்தால் சொந்தப் பல் என்றுதான் தோன்றும்.

இந்தத் தொழிலில் இருப்பவன் ஒரு காரைப் பார்த்தால் முதலில் அதன் வாயை, அந்த முன்பக்கக் கிரில்லைத்தான் பார்ப்பான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில், மரச்சாமான் கடை திறப்பதற்கு முன், அதன் முன்னால் இருக்கும் காலி இடத்தில் பழைய கார் பைத்தியங்கள் கூடுவார்கள். டயர் கடைக்காரர், ஓட்டுநர் பள்ளிக்காரர், சின்னவன், இன்னும் சிலர். பழைய கார்களைத் துடைத்து வரிசையாக நிறுத்திவிட்டு, புதுக் கார்களை வறுத்தெடுப்பதுதான் அங்கே வேலை.

"இப்ப வர்ற காருக்கெல்லாம் அப்படி என்ன கோவம்? அரைத் தூக்கத்துல எழுப்பிவிட்ட மாதிரி முறைக்குது," என்பார் டயர் கடைக்காரர்.

"முறைக்க கண்ணு வேணுமேய்யா. நெத்தியில ஒரு கீறல் போட்டுட்டு, லைட்டைக் கொண்டுபோய்க் கன்னத்துல வச்சிருக்கான்," என்பார் ஓட்டுநர் பள்ளிக்காரர். "நேத்து ஒரு வண்டி. பின்னாடி ரெண்டு புகைக்குழாய். விரலை விட்டுப் பாத்தேன். ஓட்டையே இல்ல! வெறும் பிளாஸ்டிக் மூடி."

"அந்த வாயை விட்டுட்டீங்களே," என்பான் சின்னவன். "பம்பர்ல இருந்து பானெட் வரைக்கும் வாய். அதுக்கு நான் அச்சு எடுக்கணும்னா மாவைக் குண்டாவுலதான் கரைக்கணும்."

அப்படிப்பட்ட ஒரு வாய் அவன் வீட்டு வாசலுக்கே வந்து சேர்ந்தது.

அவன் மனைவி நர்ஸ். நகரத்துக்கு வெளியே புறவழிச் சாலையில் இருக்கும் மருத்துவமனைக்கு அவளை மாற்றியிருந்தார்கள். விடியற்காலைப் பணிக்கு அங்கே பேருந்து கிடையாது. ஓட்டுநர் உரிமம் அவளிடம் இருந்தது, தைரியம்தான் இல்லை. முன்பு ஒருமுறை சிக்னலில் ஒரு வேனின் பின்னால் இடித்துவிட்டாள். யாருக்கும் அடியில்லை. ஆனாலும் அன்றிலிருந்து ஸ்டியரிங்கைத் தொடவில்லை. இந்தப் புதுக் காரில் முன்னால் ஏதாவது நெருங்கினால் அதுவே சத்தம் கொடுக்கும், மிதிக்கத் தவறினால் அதுவே பிரேக் பிடிக்கும். ஓட்டிப் பார்த்துவிட்டு இறங்கியபோதே அவள் முகம் தெளிந்திருந்தது. தன் சேமிப்பில் வாங்கினாள்.

"முன்பக்கம் நல்ல ஆக்ரோஷமா இருக்கும் சார்," என்றான் விற்பனைக்காரன்.

"யார் மேல?" என்று கேட்டான் சின்னவன். மனைவி அவன் கையைக் கிள்ளினாள்.

அடுத்த ஞாயிறு சின்னவனுடைய பழைய கார் மெக்கானிக்கிடம் இருந்ததால் புதுக் காரிலேயே போக வேண்டியதாயிற்று.

"யப்பா பல்லு, கொஞ்சம் தள்ளி நிறுத்துப்பா. என் வண்டியைக் கடிச்சு வச்சிடப்போகுது," என்றார் டயர் கடைக்காரர். எல்லோரும் சிரித்தார்கள். சின்னவனும் சிரித்தான். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அந்தச் சிரிப்பு அவனை அரித்தது.

மறுநாள் ஆரம்பித்தான். கார் வாயின் அளவைத் தாளில் வெட்டி எடுத்து, பல்செட்டுக்கு ஈறு செய்யும் அதே அக்ரிலிக்கில் துண்டு துண்டாக வார்த்து ஒட்டினான். வாயின் பெரும்பகுதியை மூடி, நடுவில் பழைய கார்களுக்கு இருப்பதுபோல ஒல்லியான ஒரு பல்வரிசை வைத்தான். எஞ்சின் சூடேறக் கூடாதே என்று கீழே காற்றுக்கு வழி விட்டான். பல்செட்டில் பக்கத்துப் பல்லைப் பிடித்துக்கொள்ளும் கொக்கி மாதிரி கம்பிக் கொக்கிகள் வைத்தான். காரில் ஒரு கீறல்கூட விழாமல் மாட்டலாம், கழற்றலாம். கடைசியாக, குரோமியம் போல மின்ன வேண்டும் என்று உலோகத் தூள் கலந்த வெள்ளிப் பெயிண்டை இரண்டு பூச்சு அடித்தான்.

கீழ்வீட்டில் இருக்கும் அவன் அக்காதான் மாட்டும்போது மறுமுனையைப் பிடித்தாள்.

"அவகிட்ட சொல்லிட்டியாடா?"

"பாத்தா அவளே அசந்துடுவா."

அடுத்து வந்த ஞாயிறு காலையிலேயே அதை மாட்டிக்கொண்டு போனான். டயர் கடைக்காரர் காரைச் சுற்றிச் சுற்றி வந்தார். "இந்தக் கம்பெனிக்காரனை உன்கிட்ட ட்யூஷனுக்கு அனுப்பணும்பா!" என்றார். காரில் ஏதோ ஆரஞ்சு விளக்கு எரிந்தது. புது வண்டி, எதையாவது காட்டிக்கொண்டேதான் இருக்கும் என்று விட்டுவிட்டான்.

திங்கள் விடியலில் மனைவி அரைத் தூக்கத்தில், முன்பக்கத்தைக் கவனிக்காமலே ஏறி உட்கார்ந்து கிளம்பினாள். அரை மணி நேரத்தில் ஆட்டோவில் திரும்பி வந்தாள்.

"வண்டியைப் புறவழிச் சாலை ஓரமா விட்டுட்டு வந்துட்டேங்க. முன்பக்க சென்சார் மறைஞ்சிருக்கு, பிரேக் உதவி வேலை செய்யாதுன்னு எழுதிக் காட்டுது. கண்ணாடியத் துடைச்சேன், இருட்டுல தடவித் தடவி லைட்டத் துடைச்சேன், போகவே இல்ல. நான்தான் என்னமோ பண்ணிட்டேன். எனக்கு இந்த வண்டி ஓட்டுற வேலையே வேணாம். வேற இடத்துக்கு மாத்தச் சொல்லி எழுதிக் கொடுத்துடறேன்." கைப்பையைக்கூடக் கீழே வைக்காமல் நின்றாள்.

மறைந்திருக்கிறது என்ற சொல்லைக் கேட்டதுமே சின்னவனுக்கு விளங்கிவிட்டது. அந்த அகல வாய்க்குள்தான் ரேடார் இருக்கிறது. உலோகப் பெயிண்டைத் தாண்டி அதனால் பார்க்க முடியாது.

சத்தம் கேட்டு மேலே வந்த அக்கா வாசற்படியிலேயே நின்றாள். "டேய், நீ சொல்றியா, நான் சொல்லட்டுமா?"

அவனே சொன்னான்.

மனைவி முழுவதையும் கேட்டாள். "அந்த டயர் கடைக்காரர் சிரிச்சாருன்னு என் பிரேக்கைக் கட்டிப்போட்டீங்களா?"

"பிரேக் இருந்துது. உதவிதான்…"

"எனக்கு அதுதாங்க பிரேக்கு."

இருவரும் வாசலில் காத்திருந்த அதே ஆட்டோவில் சாலையோரத்துக்குப் போனார்கள். லாரிகள் பக்கத்தில் இரைந்து போய்க்கொண்டிருக்க, அவன் குனிந்து கொக்கிகளை ஒவ்வொன்றாக விடுவித்தான். வார்ப்பில் எங்கும் குறை இல்லை. அது தெரிந்தும் சாலைக்கு அப்பால் இருந்த குப்பைத் தொட்டியில் அதைச் சாய்த்து வைத்துவிட்டு வந்தான். அவள் காரை அணைத்துத் திரும்பக் கிளப்பினாள். விளக்கு எரியவில்லை.

"நான் ஓட்டட்டுமா?" என்றான்.

"வேணாம். பக்கத்துல உக்காருங்க. பேசாதீங்க."

இரண்டாவது வளைவில் முன்னால் போன டெம்போ சட்டென்று வேகத்தைக் குறைத்தது. கார் சத்தம் கொடுப்பதற்குள் அவளே மிதித்துவிட்டாள். ஒரு மூச்சு விட்டாள்.

மருத்துவமனை வாகன நிறுத்தத்தில் இறங்கியபின் அவன் காரின் முன்னால் போய் நின்றான்.

"இருந்தாலும் அசிங்கமாத்தான் இருக்கு," என்றான்.

"இருக்கட்டும். ஓட்டுற எனக்கு அந்த மூஞ்சி தெரியப்போறதில்ல." சாவியைக் கைப்பையில் போட்டுக்கொண்டு, தாமதத்துக்கு என்ன சொல்லலாம் என்று யோசித்தபடி அவள் படியேறினாள். சின்னவன் பேருந்து எங்கே நிற்கும் என்று காவலாளியிடம் விசாரிக்கப் போனான்.