இருபத்திரண்டு கிலோமீட்டர் வேகத்தில் குமாரசாமி

இளம்பிள்ளை முக்கு ரோட்டில் எனக்கு ஒரு ஜெராக்ஸ் கடை. கடைக்கு முன்னால் விழும் நிழலுக்கும் சேர்த்துத்தான் வாடகை கொடுக்கிறேன். ஆனால் அந்த நிழலில் நிற்பது குமாரசாமியின் எக்ஸெல் மொபெட். பதினாறு வருடமாக நிற்கிறது. எடுக்கச் சொல்லி நானும் பதினாறு வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

கல்யாணச் சேலை எடுக்கக் கரூர், ஓசூர், பெங்களூரிலிருந்தெல்லாம் எங்கள் ஊருக்கு வண்டி வரும். முக்கு ரோட்டுக்கு வந்ததும் எல்லா வண்டியும் கொஞ்சம் தயங்கும். அந்தத் தயக்கம் போதும், குமாரசாமி எக்ஸெல்லை உதைத்துக் கிளம்பிவிடுவார். "பின்னாலயே வாங்க சாமி." அவர்களைக் கடை வாசல் வரை கொண்டுபோய் விட்டுவிட்டுத் திரும்பி வருவார். கடைக்காரர்கள் ஏதோ கொடுப்பார்கள், அதுதான் பிழைப்பு. ஆனால் சேலைக்கு வந்தவர்களை மட்டும் கூட்டிப்போனால் அவர் குமாரசாமி இல்லை. பல் ஆஸ்பத்திரி, பத்திர ஆபீஸ், சித்தர் கோயில், எழவு வீடு, எது கேட்டாலும் முன்னால் போவார். வாயால் வழி சொல்வது அவருக்குப் பிடிக்காது. சொன்னதைக் கேட்டுப் போகிறவன் பாதியில் தவறிவிடுவான் என்பார்.

ஒருமுறை போலீஸ் ஜீப் வந்து நின்று, மாதையன் வீடு எங்கே என்று கேட்டது. மாதையன் இவருடைய மனைவி கலைமணியின் கூடப் பிறந்த அண்ணன். சேவல் கட்டு நடத்திய விவகாரம். குமாரசாமி ஒரு கேள்வியும் கேட்காமல் ஜீப்புக்கு முன்னால் எக்ஸெல்லை ஓட்டிப்போய், வாசலில் ஹாரன் அடித்து, "மச்சான், உங்களத் தேடி ஆள் வந்திருக்காங்க" என்று கூப்பிட்டிருக்கிறார். கலைமணி ஏழு மாதம் அவரோடு பேசவில்லை. சோறு மட்டும் போட்டார். நான் கேட்டதற்கு, "வழி கேட்டாங்கப்பா. நான் என்ன பண்ண?" என்றார். அவர் முகத்தில் கள்ளம் இருந்தால் திட்டியாவது இருப்பேன்.

இப்பேர்ப்பட்ட மனிதரைத்தான் புதையல் வேட்டை ஒன்றை ஏற்பாடு பண்ணச் சொன்னாள், அவருடைய மகள் அபிநயா.

அவள் பெங்களூரில் ஒரு செயலிக் கம்பெனியில் சேர்ந்து நாலு மாதம் ஆகியிருந்தது. ஆறாவது மாதக் கடைசியில்தான் வேலையை நிரந்தரம் செய்வதா, அனுப்பிவிடுவதா என்று முடிவு செய்வார்களாம். அதற்கு அவளாக ஒன்றைச் செய்து காட்ட வேண்டும். அவள் யோசித்தது நல்ல யோசனை. பெண்கள் சேலைக் கடைக்குள் போனால் நாலு மணி நேரம். வீட்டுக்காரர்களும் பிள்ளைகளும் காரில் கொட்டாவி விட்டுக்கொண்டு கிடப்பார்கள். அவர்களுக்கு ஒரு விளையாட்டு. போனில் ஒரு விடுகதை வரும். அது எந்த இடம் என்று கண்டுபிடித்து அங்கே போய் நின்றால், போன் தானாகத் தெரிந்துகொண்டு அடுத்த விடுகதையைக் கொடுக்கும். மொத்தம் ஏழு இடம். முடித்தால் ஒரு துண்டு பரிசு.

இடங்களைக் குறிக்க ஆள் வேண்டும். குமாரசாமி போனைக் கையில் ஏந்திக்கொண்டு ஒவ்வொரு இடத்திலும் பத்து நிமிடம் அசையாமல் நின்றார். லாரிகளை எடை போடும் எடை மேடை வாசலில் அப்படி நின்றபோது, மேடைமேல் லாரியை ஏற்றியவன் இவர் எடை சொல்லப்போவதாக நினைத்துக் காத்திருந்திருக்கிறான். ஏழு இடத்தையும் குறித்துவிட்டு, விடுகதைகளைத் தானே எழுதி என்னிடம் டைப் அடிக்கக் கொண்டுவந்தார். முதல் விடுகதை இது:

"முக்கு ரோட்டிலிருந்து தெற்கே வரவும். இடது கைப்பக்கம் தண்ணீர்த் தொட்டி. அதுதான். தெரியாவிட்டால் எதிரில் மயிலம்மாள் டீக்கடையில் கேட்கவும். நல்ல மாதிரி."

அபிநயாவுக்குப் போனில் படித்துக் காட்டினேன்.

"அப்பா, இதுல விடுகதை எங்கீங்கப்பா?"

"தெரியாதவங்கள எதுக்கு சாமி சுத்த உடறது? பாவமில்லியா?"

கடைசியில் அவளும் நானும் சேர்ந்து எழுதினோம். எடை மேடை வாசலில் தொங்கும் திருஷ்டிப் பூசணிக்கு, "மூன்று கண்ணால் லாரியை முறைப்பவர் யார்?" என்று நான் எழுதினேன். இன்றைக்கும் எனக்கு அதில் பெருமைதான். அடுத்த அமாவாசைக்கு எடை மேடைக்காரன் பூசணியை மாற்றி, புதியதில் இரண்டு கண் மட்டும் வரைந்து தொங்கவிட்டான். குமாரசாமி ஸ்டூல் போட்டு ஏறி மூன்றாவது கண்ணை ஸ்கெட்ச் பேனாவால் போட்டுவிட்டு இறங்கினார்.

ஆட்டம் தொடங்கியது. முதல் மூன்று வாரத்தில் நாற்பத்தோரு குடும்பம் ஆடி, நாற்பத்தோரு குடும்பமும் முடித்துவிட்டது. அபிநயா முதலில் சந்தோஷப்பட்டாள். அப்புறம் அவளுடைய மேலாளர் நவீன்குமார் கணக்கை விரித்துப் பார்த்திருக்கிறார். நாற்பத்தோரு பேரும் பதினெட்டே நிமிடத்தில் முடித்திருந்தார்கள். ஒரே பாதை. ஒரே வேகம், மணிக்கு இருபத்திரண்டு கிலோமீட்டர். மனிதர்கள் இப்படி ஆட மாட்டார்கள், அந்தப் பெண் உட்கார்ந்த இடத்திலிருந்தே பொய்யாக ஆளைச் சேர்த்திருக்கிறாள் என்று அவர் முடிவு கட்டிவிட்டார்.

நடந்தது வேறு. போனைப் பார்த்துக்கொண்டு ஒரு மனிதர் தலையைச் சொறிந்தால் போதும், குமாரசாமி எக்ஸெல்லை உதைத்து முன்னால் போயிருக்கிறார். ஏழு இடத்துக்கும். பின்னாலேயே அவர்கள் கார். நான் கேட்டபோது, "புள்ளயோட ஆட்டம், யாரும் தோத்துப் போகக் கூடாதுல்ல" என்றார். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றியது.

வியாழக்கிழமை அபிநயா என் கடைக்குப் போன் பண்ணி ஸ்பீக்கரில் போடச் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை நவீன்குமார் குடும்பத்தோடு, ஊரில் யாரிடமும் தான் யாரென்று சொல்லாமல் வந்து ஆடிப் பார்க்கப்போகிறாராம். அன்றைக்கும் அதே பதினெட்டு நிமிடம் வந்தால் அவள் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்.

"ஒரே ஒரு நாளுங்கப்பா. யாருக்கும் வழி காட்டாதீங்க."

"கேட்டா?"

"கேட்டாலும் தெரியாதுன்னு சொல்லுங்க."

"பச்சப்புள்ளயத் தூக்கிட்டு வந்து கேட்டா?"

"அப்பா."

"பொறந்த ஊரத் தெரியாதுன்னு சொல்லோணுமா சாமி?" என்று கேட்டார். அவள் அழுதாள். "சரி சாமி. தெரியாதுன்னே சொல்றேன்" என்றார்.

அதோடு விட்டாரா என்றால், இல்லை. தான் மட்டும் வாயை மூடினால் போதாது என்று, வெள்ளியும் சனியும் ஊர் முழுக்க வீடு வீடாகப் போய்ச் சொல்லிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை யார் எதைக் கேட்டாலும் தெரியாது என்று சொல்லுங்கள், எம் பொண்ணு வேலை அதில்தான் இருக்கிறது. அவருக்கு நன்றிக்கடன் படாத ஆள் ஊரில் இல்லை. எல்லோரும் மனப்பூர்வமாக ஒப்புக்கொண்டார்கள். அங்கேதான் வினை.

வரப்போகும் ஆளின் முகம் யாருக்கும் தெரியாது. அதனால் ஞாயிற்றுக்கிழமை காலையிலிருந்து வந்தவர் போனவர் எல்லோருக்கும் ஒரே பதில். சேலம் பஸ்ஸில் இறங்கிய ஒருவர் மயிலம்மாளிடம், "இது இளம்பிள்ளைதானுங்களே?" என்று கேட்க, "அது எனக்குத் தெரியாதுங்க" என்று சொல்லிவிட்டு டீ ஆற்றியிருக்கிறாள். ஆத்தூரிலிருந்து பெண்ணை அழைத்து வந்த கல்யாண வேன், வாழைமரம் கட்டிய மண்டபத்துக்கு எதிரிலேயே நின்று மண்டபம் எங்கே என்று கேட்டது. ஆட்டோக்கார ராசு மண்டபத்தை நன்றாகத் திரும்பிப் பார்த்துவிட்டு, "இது மண்டபமான்னு சொல்ற அளவுக்கு எனக்கு வெவரம் பத்தாதுங்க" என்றான். எடை மேடைக்காரன் தன் பெயருக்கு வந்த பார்சலைக்கூட, அப்படி ஒரு ஆளே ஊரில் இல்லை என்று சொல்லித் திருப்பி அனுப்பினான்.

குமாரசாமி என் கடைக்குள், ஜெராக்ஸ் மேசைக்கு அடியில், பேப்பர் கட்டுகளின் மேல் உட்கார்ந்திருந்தார். எக்ஸெல் சாவியை என் சட்டைப்பையில் அவரே போட்டு, "கேட்டாலும் குடுக்காத" என்று சொல்லியிருந்தார். வெளியே யாராவது வழி கேட்டால் அவர் முழங்கால் மேசையில் இடிக்கும் சத்தம் கேட்கும். நானும் மதியத்துக்குள் பதினோரு பேரிடம் தெரியாது என்று சொல்லியிருந்தேன். பன்னிரண்டாவது ஆளாக வந்தது ஓர் அம்மாள். அறுபது வயது இருக்கும். அறுந்த செருப்பைக் கையில் பிடித்திருந்தார்.

"தம்பி, எம் மருமகன் போனப் பாத்து எதையோ தேடிட்டே போனாரு. பொண்ணும் பேத்தியும் அவரு பின்னாடியே போயிட்டாங்க. செருப்பு அறுந்துச்சு, குனிஞ்சு நிமுந்தேன், ஆளக் காணோம். யாரக் கேட்டாலும் தெரியாதுங்கறாங்க. இது என்ன மாதிரி ஊருப்பா?"

எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் வாய் பழகிவிட்டது. "தெரியாதுங்க" என்றேன்.

மேசை குலுங்கியது. குமாரசாமி தலையை இடித்துக்கொண்டு எழுந்து, என் முன்னால் கையை நீட்டினார். நான் பையைப் பொத்திக்கொண்டேன். "அபிநயா வேலை" என்றேன் மெதுவாக.

"தெரியும்." அவர் கண் கலங்கியிருந்தது. "அந்தம்மா வெறுங்கால்ல நிக்கறாங்க, தீர்த்தகிரி."

சாவியைக் கொடுத்துவிட்டேன்.

அவர் அந்த அம்மாளைப் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு ஏழு இடத்தையும் வரிசையாகப் பார்த்துக்கொண்டே போயிருக்கிறார். எடை மேடை வாசலில், பூசணிக்கு அடியில் நின்று கண்ணை எண்ணிக்கொண்டிருந்த மனிதரைக் காட்டி, "அதோ எம் மருமகன்" என்றாராம் அம்மாள். அதுதான் நவீன்குமார். மாமியாரைப் பார்த்து அவர் சந்தோஷப்பட்டாரா என்று குமாரசாமிக்குச் சொல்லத் தெரியவில்லை. அவர் பார்த்தது எக்ஸெல்லைத்தான்.

"நீங்க எப்பவும் இந்த வேகத்துலதான் போவீங்களா?"

"இருபத்திரண்டுதானுங்க. அதுக்கு மேல போனா பின்னால வாரவங்க தவறிருவாங்க." சொன்ன பிறகுதான் இவருக்கு உறைத்திருக்கிறது. இறங்கி நின்று கும்பிட்டிருக்கிறார். "எம் பொண்ணு பொய் பண்ணலீங்க. எல்லாரையும் கூட்டிட்டுப் போனது நானுங்க."

நவீன்குமார் போனில் எதையோ எழுதிக்கொண்டார். நல்லது கெட்டது எதுவும் சொல்லவில்லை.

அன்றிலிருந்து குமாரசாமி முக்கு ரோட்டில் நிற்கவில்லை. என் கடைக்குள் ரோட்டுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார். வண்டிகள் வந்து தயங்கின, ஹாரன் அடித்தன, தாமாகவே ஏதோ ஒரு பக்கம் போயின. அபிநயாவுக்குப் போன் போட்டால், "ஆபீஸ்ல இன்னும் பேசிட்டிருக்காங்கப்பா, அப்புறம் கூப்பிடறேன்" என்றுதான் பதில் வரும். "நான் காட்டின வழியில அவ வேலை போச்சு" என்று ஒரு நாளைக்கு நாலு தடவை சொல்வார். நிழலில் எக்ஸெல் இல்லை. பதினாறு வருடமாக நான் கேட்டது கிடைத்துவிட்டது. எனக்கு அது பிடிக்கவே இல்லை.

பத்தாம் நாள் மதியம் பஸ்ஸிலிருந்து அபிநயா இறங்கினாள். தோளில் பெரிய பை. கடை வாசலுக்கு வந்து, உள்ளே முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்த அப்பாவைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்து, அசலூர்க்காரி மாதிரி சத்தமாகக் கேட்டாள்.

"ஏனுங்க, குமாரசாமின்னு ஒருத்தரு ஊட்டுக்குப் போகோணும். எப்படிங்க போறது?"

அவள் முகத்திலிருந்து எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. இருந்தாலும் நான் என் பங்குக்கு, "தெரியாதுங்க" என்றேன்.

அவரால் பொறுக்க முடியவில்லை. குரல்கூட அடையாளம் தெரியாத அளவுக்குத் தவித்துப்போய், திரும்புவதற்கு முன்னாலேயே எழுந்து, "பக்கந்தானுங்க, பின்னாலயே வாங்க" என்று சொல்லிக்கொண்டே திரும்பினார். மகளைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார்.

"வேல போச்சா சாமி?"

"நிரந்தரம் பண்ணிட்டாங்கப்பா." அவள் சிரிக்கப் பார்த்து அழுதுவிட்டாள். ஆடிய நாற்பத்தோரு குடும்பமும் செயலியில் கருத்து எழுதியிருந்தார்களாம். வேகக் கணக்கை மட்டும் பார்த்த ஆபீஸ்காரர்கள் அதை இப்போதுதான் திறந்து படித்தார்களாம். விளையாட்டைப் பற்றி ஒருவரும் ஒரு வரி எழுதவில்லை. முன்னால் போன எக்ஸெல்காரரைப் பற்றித்தான் அத்தனையும். நாற்பத்திரண்டாவதாக எழுதியது நவீன்குமாரின் மாமியார். அதைப் படித்துவிட்டு நவீன்குமாரால் வீட்டிலும் ஆபீஸிலும் ஒரே முடிவுதான் எடுக்க முடிந்ததாம். "இனிமே வழி தெரியலன்னா அமுக்கறதுக்கு ஒரு பட்டன் வெச்சிருக்கோம். அமுக்கினா உங்க போன் அடிக்கும்."

குமாரசாமி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே போனார். கடைக்குப் பின்னால் வேப்பமரத்தடியில் போட்டிருந்த எக்ஸெல்லை எடுத்தார். பையை முன்னால் வைத்தார். மகள் பின்னால் உட்கார்ந்தாள்.

அவர்கள் வீடு என் கடையிலிருந்து பார்த்தால் தெரியும், இருநூறு அடி இருக்காது. வண்டி அந்தப் பக்கம் திரும்பவில்லை. தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போனது. அப்புறம் எடை மேடை, மண்டபம், மறுபடி பஸ் நிறுத்தம் என்று மயிலம்மாளும் ராசுவும் பார்க்கும்படி ஏழு இடத்தையும் சுற்றிவிட்டு வந்தது. வீடு போய்ச் சேர முக்கால் மணி நேரம் ஆனது. எனக்குத் தெரிந்து குமாரசாமி ஒரு ஆளைச் சுற்ற விட்டது அன்றைக்கு மட்டும்தான்.