பிரகாஸின் ட்றக்கைத் தொட்டது யார்

குருநகர் ஐஸ் தொழிற்சாலையில் வேலை செய்யும் பிரகாஸ் ஒருவரையும் லேசில் நம்பமாட்டான். மீன் வாங்கப் போனால் செவுளை விரித்துப் பார்ப்பதோடு விடமாட்டான்; தராசுத் தட்டின் அடியிலும் கையை ஓட்டிப் பார்ப்பான். பூசைக்குப் போனால் ஒரு செருப்பை ஆண்கள் பக்க வாசலிலும் மற்றதைப் பெண்கள் பக்க வாசலிலும் கழற்றிவிடுவான். மனைவி ஜெனிற்றா இதற்கெல்லாம் பழகிப்போயிருந்தாள்.

பிரான்சில் இருக்கும் அவளுடைய தம்பி ஒருமுறை ஊருக்கு வந்தபோது, றிமோட்டில் ஓடும் சின்ன ட்றக் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தான். மேடு பள்ளத்தில் ஓடவென்றே செய்தது. முள்ளு முள்ளான பெரிய ரயர்கள், ஒவ்வொரு சில்லுக்கும் தனி ஸ்பிரிங். கோடையில் கடல்நீரேரி வற்றிக் கிடக்கும் வெளியில், ஞாயிறு பின்னேரங்களில், இப்படி வண்டி வைத்திருப்பவர்கள் மண்ணைக் குவித்துப் பாதை போட்டுப் போட்டி வைப்பார்கள். பிரகாஸை அங்கே கூட்டிப்போனவன் அவனோடு ஒன்றாய்ப் படித்த ஜஸ்ரின். அடுத்த ஒழுங்கையில்தான் வீடு. அவனிடமும் அதே மாதிரி ட்றக் இருந்தது.

பிரகாஸ் முன்சில்லுகளோடுதான் அதிகம் மினக்கெடுவான். சில்லுகளை ஸ்ரியரிங்கோடு இணைக்கும் மெல்லிய கம்பிகளில் மரை வெட்டியிருக்கும். திருகினால் சில்லு நிற்கும் கோணம் மாறும். இரண்டு சில்லின் முன்விளிம்பும் வெளிப்பக்கம் கொஞ்சம் விரிந்து நிற்கிற மாதிரி அவன் வைத்திருந்தான். அப்படியென்றால் நேர்ப்பாதையில் சற்று அலைந்தாலும் வளைவில் தொட்டவுடன் திரும்பும். குதித்து விழும்போது மூக்கு இடிக்காமலிருக்க முன் ஸ்பிரிங்குகளையும் இறுக்கி உயர்த்தியிருந்தான்.

ஒருநாள் வேலையால் வந்து பார்த்தபோது முன்பக்கம் தாழ்ந்திருந்தது போல் பட்டது. சீமெந்துத் தரையில் தள்ளிப் பார்த்தான். அலையாமல் நேராகப் போனது. திருத்தி வைத்தான். அடுத்த கிழமையும் அப்படியே. குலுக்கத்தில் இளகியிருக்கும் என்றாள் ஜெனிற்றா. குலுக்கம் இரண்டு பக்கத்தையும் ஒரே அளவாக இளக்குமா என்று அவன் யோசித்தான். அவள் நகத்துக்குப் பூசும் சிவப்புக் கியூட்டெக்ஸ் போத்தலை எடுத்து, திருகுகிற இடமெல்லாம் ஒவ்வொரு பொட்டு வைத்தான். யாராவது திருகினால் பொட்டு வெடிக்கும்.

அந்த ஞாயிறு பொட்டுகள் இருந்த இடத்தில் இருந்தன. நம்பிப் போட்டியில் விட்டான். முதல் வளைவிலேயே ட்றக் திரும்ப மறுத்து வெளியே இழுத்துக்கொண்டு போனது. மேட்டில் ஏறிக் குதித்தது. மூக்கு நிலத்தில் குத்திக் கவிழ்ந்தது. தூக்கி நகத்தால் சுரண்டிப் பார்த்தான். சிவப்புப் பொட்டின் அடியில் பழைய பொட்டு வெடித்திருந்தது. அதை மறைத்து மேலே புதிதாகப் பூசியிருந்தார்கள்.

சார்ஜர் இரவல் கேட்டு ஜஸ்ரின் வந்துபோனதாக ஜெனிற்றா வியாழக்கிழமை சொன்னது உடனே நினைவுக்கு வந்தது. அன்றைய போட்டியில் வென்றவனும் ஜஸ்ரின்தான். பிரகாஸ் எல்லாருக்கும் கேட்கத்தக்கதாக அவனைக் கள்ளன் என்றான். ஜஸ்ரினின் முகம் கறுத்துவிட்டது.

"நான் படலைக்குள்ளயும் வரேல்லை. வெளியில நிண்டு வாங்கிக்கொண்டு போனனான்," என்று மட்டும் சொல்லிவிட்டுத் தன் வண்டியை எடுத்துக்கொண்டு போனான்.

வீட்டில் ஜெனிற்றாவும் அதையே சொன்னாள், முகத்தைப் பார்க்காமல். அவனுக்காக இவள் ஏன் கதைக்கிறாள் என்று பிரகாஸ் நினைத்தான். பிறகு இன்னொன்றும் மனதில் தட்டியது. பொட்டு மேல் பொட்டு வைத்தது அதே சிவப்பு. அந்தப் போத்தல் அவளுடைய அலுமாரிக்குள் இருப்பது. அதற்குமேல் நினைக்க அவனுக்கே பயமாக இருந்தது.

அடுத்தநாள் வழக்கம்போல் வேலைக்குப் போனான். வயிற்றுக்குள் சரியில்லை என்று சொல்லிக் காலையிலேயே திரும்பினான். சைக்கிளை ஒழுங்கை முகப்பில் விட்டுவிட்டு நடந்தான். வீட்டின் பின்பக்கம் மோட்டர்ச் சத்தம் கேட்டது. மதிலோரம் ஒதுங்கி எட்டிப் பார்த்தான்.

ஜெனிற்றா தனியே நின்றாள். சட்டைக்கரையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, கையில் றிமோட்டோடு. நிலத்தில் சிரட்டைகளைக் கவிழ்த்து வளைவுகள் போட்டிருந்தாள். ட்றக் தென்னை வேர்களுக்கு மேலால் குலுங்காமல் ஏறி இறங்கி, சிரட்டைகளைச் சுற்றி வந்தது. அவள் சிரித்துக்கொண்டு நின்றாள். அப்படி அவளைக் கண்டு கனகாலம்.

அவனைக் கண்டதும் றிமோட்டைக் கீழே வைத்தாள். அவன் வேலைக்குப் போன பிறகு அநேகமாக எல்லா நாளும் ஓட்டுவதாகச் சொன்னாள். அவன் வைத்த மாதிரியில் வேர்களில் துள்ளுகிறது, நேராகவும் ஓடுவதில்லை. அதனால் ஸ்பிரிங்கை இளக்கி, சில்லுகளை முன்னால் கொஞ்சம் ஒடுக்கி ஓட்டிவிட்டு, பின்னேரம் பழையபடி திருப்பி வைப்பாளாம். சில நாட்களில் அது சரியாக வரவில்லை. பொட்டு வெடித்ததைக் கண்டு மேலே பூசியதும் தான்தான் என்றாள்.

"என்னட்டைக் கேட்டிருக்கலாம்தானே."

"கேட்டாத் தந்திருப்பியளோ?"

அவன் அதை விட்டுவிட்டு வேறு கேட்டான். "ஜஸ்ரினை அவ்வளவு பேருக்கு முன்னால கள்ளனெண்டு பேசிப்போட்டு வந்தனெண்டு சொன்னன். அப்பவும் ஏன் வாய் திறக்கேல்லை?"

"பயந்துபோனன். நீங்கள் என்னை என்னெண்டு நினைப்பியளோ எண்டு."

தான் அவளைப் பற்றி நினைத்தது பிரகாஸுக்கு நினைவு வந்தது. அதை அவன் அவளிடம் ஒருநாளும் சொல்லவில்லை. குனிந்து ட்றக்கை எடுத்து, சில்லில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிக்கொண்டிருந்தான்.

அன்று பின்னேரமே இருவரும் ஜஸ்ரின் வீட்டுக்குப் போனார்கள். நடந்ததைச் சொன்னது ஜெனிற்றா. பிரகாஸ் மன்னிப்புக் கேட்டான். ஜஸ்ரின் தேத்தண்ணி கொடுத்தான். அவளைப் பார்த்து, இதிலென்ன தங்கச்சி, ஞாயிறு வெளிக்கு வாங்கோ, நல்லா ஓட்டலாம் என்றான். பிரகாஸுக்கு வேறு விதமாகச் சொன்னான்.

"எனக்குக் கோவமில்லை மச்சான். ஆனா இனி உன்ரை வீட்டுப் பக்கம் நான் வரமாட்டன். பிறகு என்ன துலைஞ்சாலும் நீ என்னைத்தான் நினைப்பாய்."

சொன்னபடியே அவன் வரவில்லை.

இப்போது போட்டி வெளியில் ட்றக்கை ஓட்டுவது ஜெனிற்றா. சில்லும் ஸ்பிரிங்கும் அவள் சொல்கிற மாதிரித்தான். போன மாதம் மூன்றாவதாக வந்தாள். ஜஸ்ரின் அவளிடம் வந்து நின்று எந்த மேட்டில் எப்படி விழவேண்டும் என்று கதைப்பான். பிரகாஸோடும் இரண்டு வார்த்தை கதைப்பான். ஆனால் ஜஸ்ரின் தன் ட்றக்குக்குக் கிட்டப் பிரகாஸ் போகக் கண்டால், கதையை நிறுத்தாமலே குனிந்து அதைத் தூக்கிக் கமக்கட்டுக்குள் இடுக்கிக்கொள்வான். பிரகாஸ் அதைக் காணாதவன்போல் பாதையைப் பார்த்துக்கொண்டு நிற்பான்.