செருப்பு தேடும் கால்

டிவியில் படம் ஓடினால் கதாசிரியர் படத்தைப் பார்ப்பதில்லை. மனைவியின் காலைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார். தியேட்டர் காலத்துப் பழக்கம். தான் எழுதின படம் வெளியானால் முதல் காட்சிக்குப் போய், பக்கச் சுவரோரம் சாய்ந்து, ஜனங்களின் காலைக் கவனிப்பார். கதை பிடித்துவிட்டால் கழற்றிப் போட்ட செருப்பை யாரும் நினைப்பதில்லை. பிடிக்காவிட்டால் கட்டைவிரல் தானாகத் தரையைத் துழாவும். "மூஞ்சி மரியாதைக்குப் பொய் சொல்லும். கால் சொல்லாது" என்பார்.

இடைவேளைக் காட்சி எழுதுவதில் ஆள் கில்லாடி. ஒரு மணி நேரம் நிதானமாகச் சூடேற்றி, விளக்கு போடுகிற நேரத்துக்குச் சரியாகப் பொங்க விடுவார். வீட்டில் ஏது இடைவேளை? சலித்தால் நிறுத்த ரிமோட் கையிலேயே இருக்கிறது.

அவருடைய கடைசிப் படம் தியேட்டருக்குப் போகாமல், போன வாரம் ஓடிடியில் நேரே வீட்டுக்கே வந்தது. கோபித்துக்கொண்டு போன அண்ணன் காரில் திரும்பி வரும் காட்சியை ஆசை ஆசையாக எழுதியிருந்தார். கார் பாதி வழி வருவதற்குள் மனைவியின் கட்டைவிரல் வீட்டுச் செருப்பைப் பிடித்துவிட்டது.

"ஓடட்டும் விடுங்க. கார் வந்து சேர்றதுக்குள்ள துணிய மடிச்சு வச்சுட்டு வந்துடறேன்."

எதை எழுதினாலும் முதலில் அந்தம்மாவுக்குத்தான் படித்துக் காட்டுவார். இதே காரைக் காகிதத்தில் படித்தபோது கண் கலங்கின மனுஷி.

அவருக்கு வயிற்றெரிச்சலெல்லாம் மச்சினன்மேல். போன் கடையில் கவர் மாட்டிக்கொண்டிருந்தவன், இப்போது வெப் சீரிஸ் எழுதுகிறான். எடுத்த எடுப்பில் பிணம். ஒவ்வொரு பகுதி முடிவிலும் யாரோ கதவைத் தட்டுவார்கள். யாரென்று காட்டாமல் முடித்துவிடுவான். மனைவி அசையாமல் பார்ப்பார். இது கதை இல்லை, தூண்டில் என்று கதாசிரியர் பக்கத்திலிருந்து முணுமுணுத்துக்கொண்டே இருப்பார்.

"தம்பி எழுதினதுன்னா உனக்கு எல்லாமே பிரமாதம்."

"தம்பிய யாரு நெனச்சா?" என்றார் மனைவி, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "தட்டினது யாருன்னு எனக்குத் தெரியணும். பேசாம இருங்க."

அடுப்படியில் குக்கர் கத்தியது. கொஞ்சம் பொறுத்து மறுபடி கத்தியது. செருப்பு இரண்டும் ஆளுக்கொரு திசையில் அநாதையாகக் கிடந்தன. அந்தக் கால் மட்டும் அசையவில்லை.

கதாசிரியர் தன் காலை மெல்ல நீட்டினார். கட்டைவிரலால் ஒன்றை இழுத்து, பிறகு மற்றதையும் இழுத்து, சத்தம் வராமல் அந்தம்மாவின் காலடியில் ஜோடி சேர்த்து வைத்தார், முனை அடுப்படியைப் பார்க்கும்படி.