தனியாள் வீடுகளின் அளவு

அப்பா தவறி ஒரு வருசம். ஆட்டைத் திவசத்துக்கு அம்மா போட்ட கட்டளை ஒன்றே ஒன்றுதான். "கொப்பற்றை பேரிலை சமைக்கிற நாள். ஒருத்தரும் பசியோடை போகக்கூடாது." கட்டளையோடு வழமையான பாட்டும் வந்தது. "இஞ்சை வந்திருந்து வேலை செய்யன். கிணத்தடியிலை கவரேச் வருது."

வல்வெட்டித்துறைக் கிணற்றடியில் வரும் போன் சிக்னலை நம்பி வேலை செய்ய முடியுமா? நான் யாழ்ப்பாணத்தில் அறை எடுத்திருந்து வெளிநாட்டுக் கம்பனி ஒன்றுக்கு நிரல் எழுதுபவன். நான் எழுதும் கணினி மொழியில் எல்லாமே எண் வரிசைகள். ஒரு வரிசையின் அளவைக் கேட்க ஒரு குறியீடு போதும். நாலு எண் இருந்தால் நாலு என்று சொல்லும்.

சமையற்காரர், "எத்தினை பேர் தம்பி? குத்துமதிப்பாச் சொன்னாக் காணும்" என்றார். என்னிடம் போய்க் குத்துமதிப்பு! சின்னப் பிள்ளைகளுக்கு உறைப்பில்லாத கறி வேண்டுமென்பதால், அம்மா சொல்லச் சொல்ல, ஒவ்வொரு வீட்டிலும் இருப்பவர்களின் வயதுகளை ஒரு வரிசையாக அடித்தேன். எல்லா வீட்டின் அளவையும் கேட்டுக் கூட்டினேன். எண்பத்தாறு.

"உது காணுமோ?" என்று அவர் தலையைச் சொறிந்தார்.

"கணக்குப் பிழைக்காது அண்ணை" என்றேன், கொஞ்சம் திமிராகத்தான்.

திவசத்தன்று முதற் பந்தியில் வந்து இருந்தவர்கள் எல்லாம் தனியாள் வீட்டுக்காரர். பிள்ளைகள் கனடா, லண்டன் என்று போய்விட, நாயோடும் வைபர் அழைப்புகளோடும் காலந்தள்ளுகிற ஐயாமார், அம்மாமார். எங்கள் ஊரில் அப்படி வீடுகளுக்கா குறைவு! கடைசிப் பந்திக்குச் சோறு இல்லை. சமையற்காரர் பார்த்த பார்வையில் நான் பாதி ஆளாகிவிட்டேன். மச்சான் மோட்டார் சைக்கிளில் பறந்து கடைப் பார்சல் கட்டி வந்ததால் மானம் தப்பியது.

எல்லாரும் போனபின் மடிக்கணினியைத் திறந்தேன். தனியாள் வீடுகளுக்கு நான் ஓர் எண்ணை மட்டும் அடித்திருந்தேன். தனி எண்ணை அந்த மொழி வரிசையாகவே மதிக்காது. அதன் அளவைக் கேட்டால் ஒன்று என்றும் சொல்லாது, பூச்சியம் என்றும் சொல்லாது. வெறுமையைத் தரும். ஊரில் தனித்திருந்த அத்தனை பேரும் கூட்டலில் காணாமற் போயிருந்தார்கள். அந்த மொழியைக் கண்டுபிடித்தவனை வாய்க்கு வந்தபடி திட்டினேன்.

"நீங்கள் சாப்பிட்டனீங்களோ அம்மா?"

"எல்லாரும் சாப்பிட்டிட்டினம். அது காணும்."

தனக்கிருந்த கடைசிப் பார்சலை, பிந்தி வந்த ஓர் ஐயாவிடம் அம்மா கொடுத்திருக்கிறார். திடுக்கிட்டேன். பட்டியலின் முதல் வரியைப் பார்த்தேன். எங்கள் வீடு. அறுபத்தெட்டு. அப்பா போனபின் அதுவும் தனி எண். என் அம்மாவையும் நான் எண்ணவில்லை. 

முன்னால் ஒரு காற்புள்ளி போட்டால் தனி எண்ணும் வரிசையாகிவிடும். மற்றத் தனியாள் வீடுகளுக்கெல்லாம் போட்டேன். எங்கள் வீட்டுக்குப் போடவில்லை. அறுபத்தெட்டுக்குப் பக்கத்தில் என் வயதை அடித்து அளவைக் கேட்டேன். இரண்டு என்றது.

அம்மாவுக்குப் புட்டு அவிக்க மாவை எடுத்துக்கொண்டே கேட்டேன்: "அம்மா, கிணத்தடியிலை கவரேச் வருமெண்டது மெய்தானோ?"